எதிர்முனை

கீழ்பென்னாத்தூர் டவரிலிருந்து சகாதேவன் அண்ணன் விழுந்து செத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டவரில் ஏறும்போது கட்டிக்கொள்ள அவருக்கு ஒரு இடுப்பு பெல்ட் வாங்கித் தராத முதலாளி, அந்த ஊரில் நெட் ஸ்லோ என்று, டவருக்கு சிக்னல் அனுப்பும் டிஷ் இருக்கிற வேங்கிக்கால் மொட்டைமாடிக்கு என்னை விரட்டினார்.

"டவர்ல இருக்கிற எதிர் டிஷ்ஷைத் திருப்பவும் ஒரு ஆள் வேணுங்க."

"நீ ஒருத்தனே போதும்பா."

என் டிஷ்ஷை இறுக்கிவிட்டு லேப்டாப்பைப் பார்த்தேன். சிக்னல் தானாக ஏறியது. உச்சத்தைத் தாண்டிச் சற்று இறங்கி, திரும்பவும் ஏறியது. டவர் டிஷ்ஷைத் திருப்பும்போது அண்ணன் அப்படித்தான், கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வருவார். டவர் கேட்டின் ஒரே சாவியோ என் பையில் இருந்தது.

போன் இல்லாமலே, பழக்கத்தில் சொன்னேன்: "போதும்ணா, இறுக்கிடு."

சிக்னல் அசையாமல் நின்றது.

முதலாளி போன் செய்தார். "நெட் பறக்குதுப்பா! ஒரு ஆள் போதும்னு சொன்னேன்ல?"