வீட்டுப் பெட்டிக்கு வராத செய்தி

இதில் ஓரெழுத்து பொய்யென்றாலும் என் மீசை இப்போதே உதிரட்டும்!

எழிலரசியின் கைபேசியில் இரண்டு மின்னஞ்சல் பெட்டிகள் குடியிருந்தன. மூத்தது, கல்லூரிக் காலத்து வீட்டுப் பெட்டி. இளையது ஆபீஸ் பெட்டி. அவள் புரோகிராம்களைப் போட்டுவைக்கும் தளம், ஆபீஸ் அறிவிப்புகளையெல்லாம் வீட்டுப் பெட்டியிலேயே கொட்டியது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள், இனி எல்லாம் ஆபீஸ் பெட்டிக்கே போகும்படி மாற்றிவிட்டாள். அந்த அவசரத்தில், அவளும் ஜெயசீலனும் ஆசையாகச் சேர்ந்து எழுதிய குயில் கூவும் கணினி விளையாட்டைப் பற்றி அவன் அந்தத் தளத்தில் எழுதினால் வரும் அறிவிப்பும் அங்கே திரும்பிவிட்டது. ஜெயசீலன் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன்.

வீட்டுப் பெட்டி வெறிச்சோடிக் கிடந்தது.

"தம்பி, ஜெயசீலன் ஏதாவது எழுதினானா?" என்று தினமும் கேட்கும்.

"போண்ணே! எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை."

ஒருநாள் ஆபீஸ் பெட்டியே கூப்பிட்டது. "அண்ணே, 'குயில் இன்னும் கூவலையே, சேர்ந்து சரி பண்ணுவோமா?'ன்னு ஒண்ணு வந்து கிடக்குது."

"அவன்தான்டா! அவகிட்டே காட்டு!"

"எப்படிக் காட்ட? என் மணியை நிறுத்திட்டாளே. அதுக்கு மேலே மலையா அறிவிப்பு வேற ஏறிடுச்சு."

அன்று மாலையும் எழிலரசி வீட்டுப் பெட்டியைத் திறந்தாள். "இன்னும் கோபம் தீரலை போல" என்று மூடிவிட்டாள். வீட்டுப் பெட்டி கத்தியது அவள் காதில் விழவில்லை.

என் காதில் மட்டும் எப்படி விழுந்தது என்கிறீர்களா? அது கிடக்கட்டும். அவளைப் பார்த்தால் ஆபீஸ் பெட்டியின் அடியில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள்.