ஆறு இடது கைகள்

புகாருக்கு ஆதாரம் இல்லை என்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லிவிட்டு, துறைத்தலைவரே முதலில் தூக்கினார்.

இடது கை. வலது கையில் ஜாங்கிரிப் பாகு.

பேத்திக்குக் காது குத்தினாராம், பேராசிரியர் தணிகாசலம் கொண்டுவந்திருந்தார். புகார் அவர்மீதுதான். விதிப்படி அவர் வெளியே போய்விட்டார். டப்பா மட்டும் உள்ளே இருந்தது.

வட்ட மேஜை. குழுவில் ஆறு பேர். அதே கணிதத் துறையில் பாடம் நடத்தும் அவள் தலைவருக்கு நேர் எதிரே.

தலைவரின் இரு பக்கமும் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். தூக்கினார்கள். அதில் ஒருவர், தூக்கிய கையை இறக்காமலே மற்ற கையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் ஜாங்கிரியைக் கடித்தாள்.

பன்னிரண்டு வருடமாக அவள் வகுப்பில் நடத்துவது இதைத்தான். வட்டமாகக் கட்டங்கள். பக்கத்துக் கட்டம் கறுத்தால் தானும் கறுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆறு கட்டங்களில் ஒன்று மட்டும் கறுப்பு என்றால், எத்தனையாவது அடியில் எல்லாம் கறுக்கும்? வருடா வருடம் வினாத்தாளில் கேட்பாள். விடை மூன்று. மதிப்பெண் இரண்டு.

ஆய்வு மாணவி ஜெசிந்தா எழுதியது இதைவிட நூறு மடங்கு கடினமான விதிக்கு. யாரும் தொடாத நிரூபணம். போன மாதம் அது தணிகாசலத்தின் பெயரில் அச்சாகிவிட்டது. ஜெசிந்தாவின் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட இல்லை.

தன் நோட்டின் நகலை ஜெசிந்தா குழுவுக்குக் கொடுத்திருந்தாள். நகலில் தேதி இல்லை. நேற்றுகூட உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றார் தலைவர், மென்றுகொண்டே.

அசலில் தேதி இருந்தது.

போன வருடம் ஜெசிந்தா அந்த நோட்டை இவளிடம் காட்டினாள். மூன்றாம் பக்கத்து நிரூபணத்தில் ஒரு ஓட்டை. அதைப் பென்சிலால் வட்டமிட்டு, வழக்கம்போலத் தேதி போட்டுக் கொடுத்தது இவள்தான். மெல்லிய பென்சில். ஜெராக்ஸில் விழவில்லை.

அசலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மூன்று சொற்கள் சொன்னால் போதும். வாயில் கொழுக்கட்டைகூட இல்லை, அரை ஜாங்கிரிதான்.

அவளுடைய பதவி உயர்வுக் கோப்பு அடுத்த மாதம் இதே மேஜைக்கு வருகிறது.

இடப்பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. வலப்பக்கத்திலும்.

கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. பாவம், அது கட்டம்.

அவளுக்குத் தெரியும்.

ஜாங்கிரியை விழுங்கினாள். இடது கையைத் தூக்கினாள்.

சீ என்றிருந்தது. யாரைப் பார்த்து என்று அவள் யோசிக்கவில்லை.

ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார் தலைவர். புகார் தள்ளுபடி என்ற கடிதம் திங்கட்கிழமை போகும்.

வெளியே ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். கேட்டால் கொடுக்கலாம் என்று அசல் நோட்டோடு வந்திருந்தாள்.

"நகல்ல உங்க பென்சில் விழலைன்னு நேத்துதான் பார்த்தேன் மேடம். அப்புறம் நீங்களே உள்ள இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. பயம் போயிடுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதுபோலவும் இருந்தது.

நேரே குழாயடிக்குப் போனாள்.

பாகு வலது கையில்தான் இருந்தது. அவள் இடது கையை மணிக்கட்டுவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.