கிணற்றின் ஆழம்

றொட்னி சேர் மாலை வகுப்பில் தந்த பௌதிக வீட்டுப்பாடம் எளிதானது. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் கேட்கும் நேரத்தை அளந்து, ஆழத்தைக் கணிக்க வேண்டும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. அக்கா யோகேஸ்வரி தினமும் ஐந்தரைக்கு அங்கேதான் தண்ணீர் அள்ளுவாள்.

திங்கள் இரண்டு செக்கன் வந்தது. செவ்வாய் 1.6. புதன் 1.2. கடிகாரத்தை நிறுத்தும் என் விரல்தான் தடுமாறுகிறது என்று நினைத்து, சேர் பழக்கியபடி மூன்றுக்கும் சராசரி எடுத்துக் கொப்பியில் எழுதினேன். மனம் ஆறவில்லை. வியாழன் மறுபடி அளந்தேன், 0.8. வெள்ளி 0.4. கணக்குப்படி தண்ணீர் ஒரு மீற்றர் ஆழத்தில்கூட இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். எப்போதும்போல வெகு கீழே கிடந்தது. கல் வழியில் எதில் பட்டதென்று தெரியவில்லை.

இன்று சனிக்கிழமை. சேர் கொப்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"நாளுக்கு 0.4 குறையுதே, இது கிணறா லிஃப்டா? இன்னைக்குப் பூச்சியம்தான் வரணும்!"

வகுப்பே சிரித்தது. மணி ஐந்தரை. வெளியே ஓடிவந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, கிணத்துப் பக்கம் போகாதீங்க."

"கிணத்தடியிலதான்டி நிக்கிறேன். படிச்சுப் படிச்சு ஒனக்கு மண்டை கொழம்பிருச்சு."

"வாளிய எறக்காதீங்கக்கா."

"எறக்கவே இல்லடி." அவள் குரல் தாழ்ந்தது. "சும்மா உள்ள நீட்டுனேன். யாரோ வாங்கிக்கிட்டாங்க."