பல்லி சாட்சி

ஜெர்மனிக்குப் போகும் தேங்காய்நார்ப் பாய்ப் பெட்டிக்குச் சீல் வைக்கும் முன் சுங்க அதிகாரி வேதாசலம் கடைசியாக ஒன்று கேட்டார். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும் என்று ஏஜென்ட் வைரவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள உயிரோட புழு பூச்சி ஒண்ணும் இல்லையே?"

"மருந்தடிச்சாச்சு சார். ஒரு ஜீவன் கிடையாது, சத்தியம்!"

பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்தியது.

இருவர் விரல்களும் தாமாகவே பெட்டியைத் தட்டின.

"பாத்தீங்களா சார், பல்லியே சொல்லுது" என்று வைரவன் பூரித்துப்போனார்.

"ஆமாய்யா, உண்மைதான்" என்று பயபக்தியோடு தலையாட்டிய அதிகாரி, சீல் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மெல்லப் பெட்டியில் காதை வைத்தார்.

"எங்க, இன்னொரு தடவை சத்தியம் பண்ணுய்யா."