விசிறி இல்லாத கொக்கி

மின்விசிறி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று செவ்வந்தி சொன்னதும் அவள் அப்பா அதைக் கழற்றிவிட்டார். பிறகு ஃபிரிட்ஜ் கூப்பிட்டது, கடிகாரம் கூப்பிட்டது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலிருந்து அவளைப் பார்க்க நான் மூன்றாம் முறை போனபோது அந்த வீட்டில் சத்தம் போடும் பொருள் எதுவும் மிச்சமில்லை. அம்மாவின் கையில் வளையல்கூட இல்லை. வெயில் மட்டும் அறைக்குள் தண்ணீர்போல நிறைந்திருந்தது. நாங்கள் நால்வரும் அதன் அடியில் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"நாங்களும் கூப்பிட்டா புள்ள குழம்பிப்போயிரும்லம்மா," என்று அப்பா கிசுகிசுத்தார்.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துவிடும். "அப்ப அவளைக் கூப்பிடுற வேலைய மொத்தமா அதுங்ககிட்டயே விட்டுட்டீங்களா?"

அம்மா என்னை முறைத்தாள். பிறகு, அடுப்படியிலிருந்து கூப்பிடுவதுபோல உரக்க, "ஏட்டி, செவ்வந்தி!" என்றாள்.

செவ்வந்தி முதலில் மேலே வெறும் கொக்கியைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் தாழ்த்தி, அம்மாவின் உதட்டுக்கு வெகு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் வாயவே பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னொருக்கா கூப்பிடு."