நீலாவதி வீட்டு ஆப்பிள்

“யாருக்குடி ஒடம்பு சரியில்ல?” என்று கேட்டுக்கொண்டே ரொட்டிப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தாள் பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள்.

கேட்டதில் தப்பில்லை. ஜன்னலில் ஐந்து ஆப்பிள்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எழுபதாம் வருஷத்து விருத்தாசலத்தில் ஒரு வீட்டுக்குள் ஆப்பிள் வந்தால், அதற்கு முன்பே டாக்டர் வந்துவிட்டுப் போயிருப்பார் என்று அர்த்தம். ஆப்பிள் ஆசையில் காய்ச்சலை நாலு நாள் நீட்டிப் படுத்தவர்கள் நம்மிலும் உண்டு.

“யாருக்கும் ஒன்னுமில்லக்கா. வாசுகி படிக்கறதுக்கு வந்தது.” நீலாவதி சட்டென்று ஆப்பிள்களின் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

“ஆப்பிள்ல என்னாத்தடி படிக்கறது? உம் புருசன் பீங்கான் சூளையில கெடந்து வேவுறாரு, இங்க பொண்ணுக்கு ஆப்பிளு! அதுலயும் ஒன்னாவது அது வாயில போட வுட்டியா?”

“திங்கறதுக்கு இல்லக்கா.”

“கூலிக்கார வூட்டுல இந்த ஜம்பம் ஆவாதுடி.”

“ஜம்பம்னே வெச்சுக்கங்க. அந்த ஸ்கூலு பெஞ்சுல உக்காந்துதான் எம் பொண்ணு ஏ ஃபார் ஆப்பிளு சொல்லுவா.”

சொர்ணாம்பாள் முகத்தை ஒரு வெட்டு வெட்டினாள். ஆனாலும் ரொட்டியை வாசுகி கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் ஜங்ஷன் பக்கத்து இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்க வாசுகியைக் கூட்டிப் போயிருந்தார்கள். பெரிய டீச்சர் ஒரு படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டார். ஐந்து வயது வாசுகி நன்றாக யோசித்து, “தக்காளி” என்றாள்.

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். “ஆப்பிளைக் கண்ணால பாக்காத புள்ளைக்கு இங்க என்னம்மா ஏறும்? இதெல்லாம் வீட்டுல பழகிட்டு வர்ற பிள்ளைங்களுக்கு. போர்டு ஸ்கூல்ல போடுங்க.”

“வூட்டுல பழக்கிட்டு வரேங்க,” என்றாள் நீலாவதி. கேட்க என்னவோ பணிவாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் வீடே பள்ளிக்கூடம். காலையில் கணக்கு: முறத்துக்கு அடியில் இரண்டு ஆப்பிளை ஒளித்தால் வெளியே எத்தனை? மத்தியானம் சின்னது, பெரியது என்று வரிசை கட்ட வேண்டும். சிவப்பு மூன்று, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று நிறம் வேறு.

சாயங்காலம் ஸ்லேட்டில் ஆப்பிளை வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்து, நடுவில் ‘ஏ’ எழுத வேண்டும். நீலாவதிக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து அது ஒன்றுதான். “கூரை போடு, நடுவுல ஒரு விட்டம் போடு, அவ்ளோதான்,” என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஜூன் மாதம் மறுபடி போனார்கள். வராந்தாவில் காத்திருந்த நேரத்தில் வாசுகியின் அப்பா கொளஞ்சியப்பனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அங்கிருந்த பூந்தொட்டியை விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். “வேவல,” என்றார்.

“ஏங்க, சும்மா இருங்களேன்! இது என்னா உங்க கம்பெனியா?” என்று நீலாவதி பல்லைக் கடித்தாள். சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளையும் பொம்மைகளையும் சுண்டிப் பார்த்து, வெந்தது வேகாதது பிரிப்பதுதான் அவருக்கு வேலை. கல்யாணத்தன்றே மாமனார் கொடுத்த குத்துவிளக்கைச் சுண்டிப் பார்த்துப் பெயர் வாங்கியவர்.

உள்ளே அழைத்தார்கள். பெரிய டீச்சர் அதே படத்தை நீட்டினார்.

“ஏ ஃபார் ஆப்பிளு!” என்று கத்தினாள் வாசுகி. ஸ்லேட்டில் கூரை போட்டாள், விட்டம் போட்டாள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்றாள். “செவப்பு ரெட்டு, மஞ்சா எல்லோ, பச்சை கிரீனு. பச்சை ஆப்பிளு கொஞ்சம் சின்னதா இருக்கும் டீச்சர்.”

பெரிய டீச்சரே பச்சை ஆப்பிளைப் பார்த்ததில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், “வீட்டுல நிஜமாவே ஆப்பிள் வெச்சா சொல்லிக் குடுத்தீங்க?” என்று கேட்டார்.

“நீங்கதானே சொன்னீங்க, வூட்டுல பழக்கணும்னு,” என்றாள் நீலாவதி. இந்தத் தடவை பணிவு கொஞ்சம் குறைச்சல்தான்.

பெரிய டீச்சர் பேனாவைத் திறந்தார். கொ. வாசுகி, ஒன்றாம் வகுப்பு என்று ரிஜிஸ்தரில் மசியால் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அதற்கு முந்தின வாரம் பெரிய டீச்சருக்குக் காய்ச்சல். பார்க்க வந்த யாரோ கொடுத்த ஆப்பிள் ஒன்று மேஜைமேல் இருந்தது. மனசு இளகி அதை எடுத்து நீட்டினார். “கெட்டிக்காரி! இந்தா, இது உனக்கு.”

நீலாவதிக்கு முகம் வெளுத்தது. கொளஞ்சியப்பன் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

வாசுகி இரண்டு கையாலும் ஆப்பிளை வாங்கினாள். விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். காதோரம் வைத்து, இன்னொரு தடவை சுண்டினாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

“இது வேணாங்க டீச்சர். சூளையில சரியா வேவல.”