நீல மூடி டப்பா

"இன்னிக்கு இதுல என்ன போட்டு அனுப்பறது?" நீல மூடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினாள் வைதேகி.

"வெறுமனே குடுத்துடேன்," என்றான் கணவன் பாஸ்கர்.

"பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா? வென்ட்வேர்த்வில் இந்தியக் கடையில அரிசி மாவு வாங்கி மாளல. ஒரு வருஷமா நான் முறுக்கு குடுத்தா, பக்கத்து வீட்டு மிச்சிகோ அதே டப்பாவுல ஜப்பான் இனிப்பு அனுப்பறா. இருந்தாலும் அவ பரவாயில்ல. அந்த எதிர்வீட்டுக் கிழவர் காலின், ஹலோ சொன்னாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிறார்."

ரவா லட்டோடு போனவளைப் பார்த்ததும் மிச்சிகோ தலைகுனிந்து வணங்கினாள்.

"ப்ளீஸ், போதும். வாங்கினதுக்குப் பதில் செய்யாம இருக்க எங்களால முடியாது. இந்த டப்பா உங்களோடது. நீங்களே வச்சுக்கங்க."

"என்னோடதா? நீங்க குடிவந்த வாரம் எலுமிச்சம்பழம் போட்டு எங்க வாசல்ல வச்சது நீங்கதானே?"

"இல்லையே! நீங்க முறுக்கு கொண்டுவந்தப்பதான் இதை முதல்ல பார்த்தேன்."

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

எதிர்வீட்டுத் தோட்டத்தில் காலின், எலுமிச்சம்பழங்களைப் பறித்துத் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.